மயிரிழையில் தொங்கும் கடைப் பெயர்: போடோனியா, டிடோவா, பிளேஃபேரா?

சித்தி மகள் ஈரோட்டில் துணிக்கடை போடுகிறாள். வாடகைக்குப் பிடித்த ஒரே அறை. உள்ளே இரண்டு தையல் மெஷின், ஒரு பக்கம் கைத்தறிப் புடவை, இன்னொரு பக்கம் அளவெடுத்துத் தைக்கும் பிளவுஸ். குடும்பத்தில் டிசைன் வேலை பார்க்கிறவன் நான் ஒருத்தன்தான் என்பதால் பெயர் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. வந்தவள் போனை நீட்டி, "இதே எழுத்துதான் வேணும்ங்ணா" என்றாள். திரையில் வோக் ஃபேஷன் பத்திரிகையின் அட்டை.

"சரி, எங்கெல்லாம் இது வரப்போகுது?" என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணினாள். கடை போர்டு, விசிட்டிங் கார்டு, பிளவுஸ் கழுத்தில் தைக்கிற லேபிள், விலைச் சீட்டு, துணிப்பை, இன்ஸ்டாகிராம். ஆக, ஆறு இடம். ஆறுக்கும் ஒத்துவரும் ஓர் எழுத்துருவைப் பிடிக்க இரண்டு வாரம் ஆனது. கல்யாணப் பத்திரிகைக்கோ, காபிக் கடைக்கோ, புத்தக அட்டைக்கோ இதே வகை எழுத்தைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த இரண்டு வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கடையின் உண்மைப் பெயர் வேண்டாம். 'மல்லி' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எம், ஏ, எல், எல், ஐ. எல்லாமே பெரிய எழுத்து. இந்த வரிசையை நினைவில் வைத்திருங்கள், பின்னால் இதுதான் என்னைப் படுத்தியது.

அவள் காட்டிய எழுத்தின் அடையாளம் எளிது. நிற்கிற தண்டு தடியாக இருக்கும், குறுக்கே போகிற கோடு மயிரிழையாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் சமரசமே கிடையாது. தண்டின் நுனியில் வரும் செரிஃப் என்ற குட்டிக் குறுக்குக் கோடும் வளைந்து வந்து ஒட்டாமல், ரம்பத்தால் அறுத்தது போல நேர்கோடாக உட்கார்ந்திருக்கும். போடோனி, டிடோ என்ற இரண்டு பெயரையும் சேர்த்து இந்த வகையை டிடோனி என்பார்கள். இதற்கு ஒன்றுவிட்ட சொந்தங்களும் உண்டு. தடிப்பும் மெலிவும் அவற்றிலும் தூக்கலாகத்தான் இருக்கும், ஆனால் செரிஃப் கொஞ்சம் வளைந்து ஒட்டும். பொதுவாகப் பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லாமே "அந்த ஃபேஷன் எழுத்து"தான்.

நான் மேசையில் போட்டது ஐந்து: மேக்கில் கூடவே வரும் டிடோ, கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் போடோனி மோடா, பிளேஃபேர் டிஸ்ப்ளே, அப்ரில் ஃபேட்ஃபேஸ், டிஎம் செரிஃப் டிஸ்ப்ளே. எல்லாவற்றையும் ஒரே அளவில் அடித்துக் காட்டியபோது அவளுக்கு எல்லாமே பிடித்தது. அதுதான் பிரச்சினை. திரையில் கையகலத்துக்குப் பெரிதாக இருக்கும்போது இந்த வகையில் அசிங்கமான எழுத்தே கிடையாது.

மயிரிழை எங்கிருந்து வந்தது

18ஆம் நூற்றாண்டில் பர்மிங்காமில் ஜான் பாஸ்கர்வில் என்பவர் வழவழப்பான தாள் செய்ய ஏற்பாடு செய்து, அச்சடித்த தாளைச் சூடான தகடுகளுக்கு நடுவில் அழுத்தி, நல்ல கறுப்பு மையும் காய்ச்சினார். 1757இல் அவர் அச்சிட்ட ரோமக் கவிஞர் வெர்ஜிலின் நூல் அதுவரை இங்கிலாந்தில் வந்த புத்தகங்களைவிடக் கூர்மையாக இருந்தது. தாள் வழவழப்பானதும் கோட்டை மெலிதாக்கும் தைரியம் வந்துவிட்டது. எழுத்து கண்ணைக் குத்துகிறது என்று புகாரும் வந்தது.

1760 வாக்கில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் செய்த குறும்பு ஒன்று உண்டு. பாஸ்கர்வில் எழுத்தின் மெல்லிய கோடு வாசகர்களைக் குருடாக்கிவிடும் என்று ஒருவர் புலம்ப, ஃபிராங்க்ளின் உள்ளே போய், வில்லியம் கேஸ்லன் என்ற இன்னோர் எழுத்து வெட்டுகிறவரின் மாதிரித் தாளில் பெயர் இருந்த பகுதியைக் கிழித்துவிட்டு, இதுதான் பாஸ்கர்வில் என்று நீட்டினார். அந்த மனிதர் அதைப் பார்த்தே ஒவ்வொரு குறையாகச் சுட்டிக்காட்டினாராம். ஃபிராங்க்ளினே இதைப் பாஸ்கர்விலுக்குக் கடிதமாக எழுதினார். "இந்த ஃபான்ட் கண்ணு வலிக்குது" என்று கிளையன்ட் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை ஞாபகம் வரும். வாய்விட்டுச் சொன்னதில்லை.

பாஸ்கர்வில் தொடங்கியதைக் கடைசிவரை இழுத்துப் போனவர்கள் இரண்டு பேர்: பாரிஸில் ஃபிர்மான் டிடோ, இத்தாலியின் பார்மாவில் ஜாம்பத்திஸ்தா போடோனி. போடோனி 1768இல் பார்மா பிரபுவின் அச்சகத்துக்கு வந்து 1813இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவருடைய மாதிரிப் புத்தகமான 'மானுவாலே திபோகிராஃபிகோ'வை 1818இல் அவருடைய மனைவிதான் வெளியிட்டார். அந்தக் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக எஃகில் அச்சு வெட்ட வேண்டும். அதனால் சின்ன எழுத்தில் மயிரிழையைக் கொஞ்சம் தடிப்பாக விடுவதும், பெரிய எழுத்தில் முடிந்தவரை சீவுவதும் வெட்டுகிறவர் கையில் இருந்தது.

அந்த வசதி நடுவில் தொலைந்துபோனது. கணினியில் ஒரே வரைவை வைத்துக்கொண்டு 6 பாயின்டுக்கும் 600 பாயின்டுக்கும் (பாயின்ட் என்பது எழுத்தளவின் அலகு) இழுக்க ஆரம்பித்தோம். "போடோனி சின்ன அளவில் படிக்க வராது" என்ற பெயர் அதனால்தான் நிலைத்தது. 72 பாயின்டுக்கு வரைந்த எழுத்தை 9 பாயின்டில் போட்டுவிட்டு போடோனியைத் திட்டுகிறோம், பாவம்.

பணம் உள்ளவர்கள் இதை எப்போதோ சரிசெய்துவிட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் ஃபேபியன் பரோன் ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகையைப் புதுப்பித்தபோது ஜோனதன் ஹோஃப்ளர் அதற்காக ஒரு டிடோவை வரைந்தார். அது 6, 11, 16, 24, 42, 64, 96 பாயின்ட் என்று ஏழு அளவுக்கு ஏழு வரைவு. எந்த அளவில் அடித்தாலும் மயிரிழை ஏறத்தாழ ஒரே மெலிவில் இருக்கும். அது காசுக்கு விற்கிற எழுத்துரு, எங்கள் பட்ஜெட்டில் வராது. ஆனால் "ஏழு அளவுக்கு ஏழு வரைவு" என்ற யோசனையை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதைத்தான் கடைசியில் செய்தோம்.

கணக்கு

இந்த வகை எழுத்தைத் தடித்த தண்டைப் பார்த்துத்தான் எல்லோரும் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் மெல்லிய கோட்டை அளந்து தேர்ந்தெடுக்கச் சொல்வேன். அளப்பது சுலபம். இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் போன்ற வரையும் செயலியில் எல் எழுத்தை 1000 பாயின்டில் அடித்து, அவுட்லைன் ஆக்கி (அதாவது எழுத்தை வெறும் வடிவமாக மாற்றி), அடியில் கிடக்கும் மெல்லிய கோட்டின் தடிமனைப் பாயின்டில் பாருங்கள். 20 என்று வந்தால் எழுத்தளவில் ஐம்பதில் ஒரு பங்கு என்று அர்த்தம். கணக்குக்கு அதையே வைத்துக்கொள்வோம்.

72 பாயின்ட் எழுத்தில் அந்தக் கோடு அரை மில்லிமீட்டர். எந்த பிரஸ்ஸிலும் அழகாக வரும். 12 பாயின்டுக்கு இறக்கினால் 0.085 மில்லிமீட்டர். வெள்ளைத் தாளில் ஒற்றைக் கறுப்பில் அடித்தால் தப்பித்துவிடும். கரும் மெரூன் பின்னணியில் வெள்ளையாக ரிவர்ஸ் விட்டால் அவ்வளவுதான். மெரூன் என்பது மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று பல பிளேட் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து வருகிற நிறம். ஒரு பிளேட் தலைமுடியளவு நகர்ந்தாலும் வெள்ளைக் கோட்டுக்குள் மை புகுந்துவிடும்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு நகைக்கடைக்கு ஆயிரம் கார்டு, மெரூனில் டிடோ ரிவர்ஸ், பெயருக்குக் கீழே 8 பாயின்டில் முகவரி, அதுவும் டிடோவிலேயே. கட்டைப் பிரித்தபோது முகவரியில் தண்டுகள் மட்டும் வரிசையாக நின்றன. கோடு போட்ட பட்டை மாதிரி, ஸ்கேன் செய்தால் விலை சொல்லும் போலிருந்தது. பிரஸ்காரர் மேல் தப்பே இல்லை. கோப்பு என்னுடையது, ப்ரூஃபில் கையெழுத்தும் என்னுடையது. ஆயிரம் கார்டுக்கான காசும் என்னுடையதாகிவிட்டது.

அடுத்து போர்டு. பெரிய எழுத்துதானே, அங்கே கவலையில்லை என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் போர்டை யாரும் கையில் வைத்துப் படிப்பதில்லை. தமிழ்நாட்டு விதிகளின்படி கடைப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக வர வேண்டும்; தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கு 5:3:2 என்பது விகிதம். மூன்றடி உயரப் பலகையில் தமிழும் ஆங்கிலமும் மட்டும் என்றால் ஆங்கிலத்தின் பங்கு பதின்மூன்றரை அங்குலம். மேலும் கீழும் இடம் விட்டால் எழுத்துக்கு எட்டு அங்குலம் மிஞ்சும். அந்த அளவில் மயிரிழை 6 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நல்ல கண் பார்வைக்குப் பத்து மீட்டர் தூரத்தில் தெரிகிற மிகச் சின்ன நுணுக்கம் சுமார் 3 மில்லிமீட்டர். ஆக, இருபது மீட்டரைத் தாண்டினால் அந்தக் கோடு கரைய ஆரம்பிக்கும். அவள் கடைக்கு எதிரே பஸ் நிறுத்தம் நாற்பது மீட்டரில் இருக்கிறது.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். எட்டு அங்குல எழுத்தை நாற்பது மீட்டரிலிருந்து பார்ப்பதும், கையில் பிடித்த தாளில் 8 பாயின்ட் எழுத்தைப் பார்ப்பதும் கண்ணுக்கு ஒன்றுதான். ஆறு இடத்தில் மிகச் சின்ன எழுத்து எது என்று கேட்டால், லேபிளுக்குப் போட்டியாக போர்டும் வந்து நிற்கிறது. அந்த நகைக்கடைக் கார்டின் முகவரியை மூன்றடிப் பலகையில் மறுபடியும் எழுதப் பார்த்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஐந்தும் எப்படி நடந்துகொண்டன

டிடோவை முதலிலேயே ஒதுக்கினேன். மேக்கில் இருப்பது ஏட்ரியன் ஃப்ரூட்டிகர் 1991இல் லைனோடைப் நிறுவனத்துக்காக வரைந்த வரைவு. பெரிய தலைப்பில் அதன் குளிர்ச்சியான அழகுக்கு ஈடில்லை. அவள் கேட்ட "வோக்" முகத்துக்கு மிக நெருக்கமும் அதுதான். ஆனால் மயிரிழை மிக மெலிவு. பிரஸ்காரரிடமும் போர்டு கட்டுகிறவரிடமும் மேக் இருக்காது. அவுட்லைன் ஆக்காமல் கோப்பை அனுப்பினால் அங்கே வேறு ஏதோ ஃபான்ட் வந்து உட்காரும். நாளைக்கு அவளே தன் லேப்டாப்பில் ஒரு தீபாவளி ஆஃபர் போஸ்டர் செய்ய நினைத்தாலும் முடியாது. புத்தக அட்டை, பத்திரிகைத் தலைப்பு, சுவரில் மாட்டும் பெரிய பிரிண்ட், இப்படிப் பக்கத்தில் நின்று பார்க்கிற பெரிய எழுத்துக்கு டிடோவை எடுங்கள்.

அப்ரில் ஃபேட்ஃபேஸ் நேர் எதிர் குணம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் விளம்பரச் சுவரொட்டிக்கென்று வந்த குண்டு எழுத்துகளைப் பார்த்து டைப்டுகெதர் நிறுவனம் செய்தது. தண்டு ஊதிப்போய் இருக்கும், மயிரிழை மயிரிழையாகவே இருக்கும். ஒரே ஒரு தடிமன்தான், சாய்வெழுத்து கிடையாது. சின்ன வயதில் பார்த்த சர்க்கஸ் நோட்டீஸின் உற்சாகம் இதில் உண்டு. தள்ளுபடி போஸ்டருக்கு அடித்துக்கொள்ள ஆளில்லை. மல்லிக்குப் போட்டபோது எல் எழுத்தின் அடிக்கோடு மெலிந்து, அதன் நுனியில் இருக்கும் முக்கோணம் மட்டும் தனியாக மிதந்தது. பக்கத்தில் பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை மாதிரி தண்டு. அவளே சிரித்துவிட்டாள்.

பிளேஃபேர் டிஸ்ப்ளேவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கல்யாணப் பத்திரிகை முதல் கேக் கடை வரை இன்று எல்லோர் கையிலும் இதுதான் இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த கிளாஸ் எகர்ஸ் சோரன்சன் வரைந்து 2011இல் வெளியானது. பாஸ்கர்வில் காலத்து வழி. செரிஃப் வளைந்து ஒட்டும், அதனால் மயிரிழை உடைந்தாலும் எழுத்து உடையாது. சின்ன எழுத்துகள் நல்ல உயரம், கீழே தொங்கும் பகுதி குட்டை. இரண்டு வரித் தலைப்பை நெருக்கி வைக்கலாம். தடிமன் பல உண்டு, சாய்வெழுத்து அழகு. இணையத் தலைப்புக்கு இலவசத்தில் இதைவிட நல்லது அரிது.

ஆனால் விலைச் சீட்டில் மாட்டிவிட்டது. இதன் எண்கள் இயல்பாக வருவது பழைய பாணியில். 0, 1, 2 குள்ளமாக நிற்கும். 3, 4, 5, 7, 9 கீழே தொங்கும். 6, 8 மட்டும் மேலே எம்பும். ஒரு பத்திக்கு நடுவில் வருடத்தைக் குறிப்பிடும்போது இது கண்ணுக்கு இதம். விலைச் சீட்டில் 2,680 என்று அடித்தால் இரண்டும் பூஜ்யமும் வயதுக்கு வராத பிள்ளைகள் மாதிரி ஆறையும் எட்டையும் அண்ணாந்து பார்க்கின்றன. கல்யாணப் பத்திரிகையில் போன் நம்பர் ஏறி இறங்கி ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். டிசைன் செயலிகளின் ஓப்பன்டைப் தேர்வுகளில் லைனிங் ஃபிகர்ஸ் என்று ஒன்று இருக்கும். அதைச் சொடுக்கினால் எல்லா எண்களும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். அந்தத் தேர்வு இல்லாத செயலியில் சீட்டு அடிக்கிறவர்கள் எண்ணுக்கு வேறு எழுத்துரு பார்ப்பது நல்லது. அவள் சீட்டு அடிக்கப்போவது போனிலிருந்து, சின்ன லேபிள் பிரிண்டரில். அதனால் பிளேஃபேரைத் தள்ளினேன். சாதாரணக் காரணம்தான், ஆனால் வாரத்துக்கு நூறு சீட்டு என்றால் சாதாரணமில்லை. உண்மையைச் சொன்னால், ஊரெல்லாம் பிளேஃபேர் பார்த்துச் சலித்ததும் ஒரு காரணம்.

டிஎம் செரிஃப் டிஸ்ப்ளே நல்ல பிள்ளை. அடோபியின் சோர்ஸ் செரிஃப் என்ற எழுத்துருவிலிருந்து கொலோஃபோன் நிறுவனம் உருவாக்கியது. தண்டு கனமாக, மயிரிழை மற்ற நான்கைவிட உறுதியாக இருக்கும். கூடவே டிஎம் செரிஃப் டெக்ஸ்ட் என்று ஒரு தம்பி. அதே முகம், மெலிவு குறைவு, சின்ன அளவுக்கென்று செய்தது. போர்டுக்கும் லேபிளுக்கும் டெக்ஸ்டைப் போட்டு, மற்ற இடங்களில் டிஸ்ப்ளேவைப் போட்டால் பெரும்பாலான தொல்லை தீர்ந்துவிடும். எதையும் திருகிப் பார்க்க நேரமில்லாதவர், கோப்பை நாலு பேர் கை மாற்றப்போகிறவர் இதை எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம். குறை என்னவென்றால் நேர், சாய்வு தவிர வேறு தடிமன் கிடையாது. அப்புறம், அந்த ரம்பத்தால் அறுத்த கூர்மை இதில் இல்லை. அவள் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குங்ணா, ஆனா பேங்க் மாதிரி இருக்கு" என்றாள். மறுக்க முடியவில்லை.

மிஞ்சியது போடோனி மோடா. ஓவன் ஏர்ல் வரைந்த இந்த இலவச எழுத்துரு வேரியபிள் வகை. தடிமனுக்கு ஒரு ஸ்லைடர், ஆப்டிகல் சைஸ் என்று 6 முதல் 96 வரை இன்னொரு ஸ்லைடர். 96இல் வைத்தால் மயிரிழை காணாமல் போகும் அளவுக்கு மெலிவு. 6 பக்கம் இழுக்க இழுக்கக் கோடு தடிக்கிறது, எழுத்துக்கு எழுத்து இடைவெளியும் தளர்கிறது. பார்மாவில் அளவுக்கு ஒன்றாக எஃகில் வெட்டியதும், ஹார்ப்பர்ஸ் பஜாருக்கு ஏழு வரைவாகச் செய்ததும் இதில் ஒரே கோப்புக்குள் கிடைக்கிறது. வலைப்பக்கத்தில் எழுத்தின் அளவைப் பார்த்து பிரவுசரே இந்த ஸ்லைடரை நகர்த்திவிடும். அச்சு வேலையில் நாம்தான் நகர்த்த வேண்டும், அதை மறந்தால் பழைய கதைதான்.

மூன்று ஒற்றைக் கோடு

போடோனி மோடாதான் என்று முடிவு செய்துவிட்டு, ஆர்வக் கோளாறில் போர்டுக்கும் 96 வெட்டையே, அதாவது அந்த ஸ்லைடரை 96இல் வைத்த வரைவையே எடுத்தேன். திரையில் அவ்வளவு அழகு. எட்டு அங்குல உயரத்தில் எழுத்துக்கு ஓர் ஏ4 தாள், எம்முக்கு மட்டும் இரண்டு தாளை ஒட்டி, கடை ஷட்டரில் டேப் போட்டு மாட்டினோம். சித்தியைப் பஸ் நிறுத்தத்தில் நிற்கவைத்துப் படிக்கச் சொன்னோம். கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு போனில் கேட்டார்: "அதென்ன சாமி, ஏவுக்கு அப்புறம் மூணு ஒண்ணு போட்டிருக்கீங்க?"

நடந்தது இதுதான். எல் எழுத்தில் தண்டு தடி, அடிக்கோடு மயிரிழை. தூரத்தில் அடிக்கோடு கரைந்துவிட்டால் எல்லும் ஐயும் ஒரே உருவம். எம்மிலும் இடது கால் மயிரிழை, வலது கால் தடி, ஏயிலும் அப்படியே. ஐந்து எழுத்தில் நான்கு எழுத்து பாதி உடம்போடு நின்றன. சின்ன எழுத்தில் போட்டாலும் தப்பிக்க முடியாது. எம்மின் வளைவுகள் கரைந்து மூன்று கம்பம், அப்புறம் இரண்டு எல், ஓர் ஐ. நடுவில் ஏயை விட்டால் வேலி போட்ட மாதிரி ஆகிவிடும். உங்கள் கடைப் பெயரில் ஓ, சி, கியூ, ஜி போல உருண்டை எழுத்துகள் இருந்தால் இவ்வளவு மோசமாக ஆகாது, தடித்த வளைவே எழுத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். எல், ஐ, டி (T), எச், இ நிறைந்த பெயராக இருந்தால் பலகைக்கு முன்னால் கட்டாயம் தாளில் அடித்துத் தெருவில் மாட்டிப் பாருங்கள். எதிர்ப்பக்கம் போக இடமில்லையென்றால் 8 பாயின்டில் அடித்துக் கையில் பிடித்துப் பார்த்தாலும் பாதி உண்மை தெரிந்துவிடும்.

போர்டு கட்டுகிறவருக்கும் ஒரு கவலை இருந்தது. அக்ரிலிக் எழுத்துக்குள் எல்இடி வைக்க வேண்டும் என்றால் ஆறு மில்லிமீட்டர் கோட்டுக்குள் பல்பு எங்கே போகும்? எழுத்தைப் பின்னாலிருந்து ஒளிரவிடலாம், அல்லது பலகையின் மேல் தனி விளக்குப் போடலாம். இரண்டாவதுதான் மலிவு, அதையே எடுத்தோம்.

தமிழ் எழுத்து

பலகையில் பெரிய பங்கு தமிழுக்கு. ஆங்கிலத்துக்கு இரண்டு வாரம் மல்லுக்கட்டிவிட்டுத் தமிழுக்குக் கணினியில் முதலில் வருகிற ஃபான்டைப் போடுவதுதான் ஊர் வழக்கம். பட்டுச்சட்டைக்கு ரப்பர் செருப்பு.

போடோனிக்கு நிகரான தமிழ் எழுத்துருவைத் தேடுவதில் ஓர் எல்லை இருக்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்தில் தண்டை எவ்வளவு ஊதினாலும் உள்ளே இடம் இருக்கும். தமிழில் ணகரத்தின் சுழிகளும் ஞகரத்தின் மடிப்புகளும் ஏற்கெனவே நெருக்கியடித்து நிற்கின்றன. அங்கே தண்டைத் தடிக்கவைத்தால் சுழி அடைந்துபோகும். அதனால் அப்ரில் ஃபேட்ஃபேஸ் மாதிரி ஒன்றுக்குத் தமிழ் ஜோடி தேடுவது வீண். ஆனால் தடிப்பும் மெலிவும் தமிழுக்குப் புதிதில்லை. 1862இல் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹன்ட் அச்சிட்ட வின்ஸ்லோ அகராதியைப் பாருங்கள். அவ்வளவு சின்ன ஈய எழுத்தில் அத்தனை நேர்த்தி. அதைப் பார்த்தபிறகு நம் கணினித் தமிழ்மேல் கொஞ்சம் கோபம்கூட வரும்.

மூன்றைப் பார்த்தேன். டிரோ தமிழ் புத்தகத்துக்கு அருமை, ஆனால் ஒரே தடிமன், பலகையில் போடோனிக்குப் பக்கத்தில் இளைத்துத் தெரிந்தது. அனேக் தமிழ் தடிமனிலும் அகலத்திலும் நினைத்தபடி வளைந்துகொடுக்கும், ஆனால் கோடு ஏறத்தாழ ஒரே தடிப்பு. ஆங்கிலத்தோடு ஜோடி சேராமல் வேண்டுமென்றே எதிராக நிற்கவைக்கிற பாணி பிடிக்குமென்றால் அதை எடுக்கலாம். நோட்டோ செரிஃப் தமிழில் தடிப்பு, மெலிவு உண்டு, தடிமனும் பல. அதில் செமிபோல்டை எடுத்தேன். 'மல்லி'யில் நெருக்கமான சுழி எதுவும் இல்லாததும் அதிர்ஷ்டம். ல்லியின் மேல்வளைவு பலகையின் விளிம்பில் முட்டாமல் இருக்கத் தமிழ் வரியை அரை அங்குலம் இறக்கினோம்.

கடைசியில் எங்கே என்ன

போர்டில் போடோனி மோடா, ஆப்டிகல் சைஸ் 11, தடிமன் மீடியத்துக்குக் கொஞ்சம் மேல், எழுத்துகளுக்கு நடுவே தாராளமாக இடம். எல்லின் அடிக்கோடு இப்போது கண்ணுக்குத் தெரிகிற கோடு. விசிட்டிங் கார்டில் பெயர் மட்டும் 36 பாயின்டில், 28 வெட்டில், வெள்ளைத் தாளில் ஒற்றைக் கறுப்பு. முகவரிக்கும் போன் நம்பருக்கும் செரிஃபே இல்லாத சாதாரண எழுத்து. மெரூன் வேண்டும் என்று கேட்டாள், பழைய கட்டிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் காட்டினேன், அதற்குப் பிறகு கேட்கவில்லை. இன்ஸ்டாகிராமில் முழுத்திரைப் படங்களுக்கு மட்டும் அவள் ஆசைப்பட்ட 96 வெட்டு. சின்ன வட்டத்துக்குள் வரும் படத்துக்கு எம் ஒற்றை எழுத்து, 11 வெட்டிலேயே. துணிப்பையில் ஸ்கிரீன் பிரிண்டிங், மை துணியில் கொஞ்சம் பரவும் என்பதால் அங்கேயும் 11. விலைச் சீட்டுக்கு 6 வெட்டு. போடோனியின் எண்கள் இயல்பாகவே ஒரே உயரத்தில் நிற்பதால் அந்தத் தலைவலி இல்லை. ரூபாய்க் குறி இருக்கிறதா என்று முதலில் அடித்துப் பார்த்துக்கொண்டேன். அந்தக் குறி 2010இல்தான் வந்தது; பழைய ஃபான்ட் கோப்புகளில் அந்த இடத்தில் வெறும் கட்டம் நிற்கும்.

லேபிள்தான் இன்னும் முடியவில்லை. நெய்த லேபிளில் ஒரு நூலைவிட மெல்லிய கோடு என்று ஒன்று கிடையாது. 6 வெட்டைப் போல்டில் அனுப்பி வைத்திருக்கிறேன். நெசவில் அடிக்கோடு விட்டுப்போனால் சாட்டின் நாடாவில் அச்சடித்துவிடலாம் என்று பேச்சு. திருப்பூரிலிருந்து மாதிரி வியாழக்கிழமை வருகிறது. சித்திக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம்.